நாற்காலி மாறி உட்கார்ந்தவர்கள்

"சித்தி, அம்மா கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்களா?"

இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா மகள் கேட்டாள். மறுநாள் காலை, சென்னையில் ஒரு கல்லூரி நடத்தும் மூன்று நாள் மாதிரி ஐ.நா. மாநாடு; மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் சார்பில் வாதாடும் போட்டி.

"இல்லடி. பத்திரிகை இருக்கு, ஆல்பம் இருக்கு. எதுக்குக் கேக்கறே?"

அவளுக்கு ஒதுக்கியிருந்த குழு சீடா. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்காக ஐ.நா. பொதுச்சபை 1979-ல் ஏற்ற உடன்படிக்கையின் சுருக்கப் பெயர் அது; அதைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அதே பெயர். விவாதத் தலைப்பு, திருமணத்தில் சம உரிமை. அவளுக்குக் கிடைத்த நாடு இந்தியா. சொந்த நாடே கிடைத்துவிட்டது என்று துள்ளியவள், 1993-ல் உடன்படிக்கையை உறுதிசெய்தபோது இந்தியா கூடவே எழுதிக்கொடுத்த அறிவிப்பைப் படித்ததும் அடங்கிப்போனாள்.

அந்த அறிவிப்பில் இரண்டு பகுதிகள். பழக்கவழக்கங்களை மாற்றச் சொல்லும் 5(அ) பிரிவையும் மணவாழ்வில் சமத்துவம் கேட்கும் 16(1) பிரிவையும், எந்தச் சமூகமும் தானாக முன்வந்து சம்மதிக்காமல் அதன் சொந்த விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே நிறைவேற்றுவோம் என்கிறது முதல் பகுதி. திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவதைக் கொள்கையளவில் ஆதரிக்கிறோம், ஆனால் பலவித வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் உள்ள இவ்வளவு பெரிய நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்கிறது இரண்டாவது. பிற்பாடு, 2006-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மதத்தினரின் திருமணத்தையும் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு 2009-ல் அதற்கென்றே சட்டம் இயற்றியது.

"தமிழ்நாட்டுல கட்டாயம், ஐ.நா.வுல முடியாது. இதை நான் எப்படி சித்தி நின்னு பேசறது?"

அவள் பேசினாள். அதற்குப் பரிசும் வாங்கினாள். மூன்றாம் நாள் பார்வையாளர் வரிசையில் நானும் இருந்தேன். இந்த விளையாட்டு பெண்ணுரிமையைப் பற்றி எதையாவது கற்றுத்தருகிறதா என்ற கேள்வியோடுதான் போயிருந்தேன்.

முதலில் இதன் பக்கத்து நியாயம். தனக்கு உடன்பாடில்லாத ஒரு நிலைப்பாட்டைத் தன் வாயால் சொல்லவைப்பது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலக அரங்கில் உரிமையை மறுப்பவர்கள் மேசையைக் குத்திக் கத்துவதில்லை. 'கொள்கையளவில் ஆதரிக்கிறோம்' என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் கதவைச் சாத்துகிறார்கள். அந்த வாக்கியத்தைத் தானே சொல்லிப் பார்த்தவளுக்கு அது எங்கே வழுக்குகிறது என்பது இனி மறக்காது.

வெறும் சொல் விளையாட்டு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் 'எல்லா மனிதர்களும்' என்று வந்ததற்கு இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவின் வற்புறுத்தல் காரணம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு இங்கே தனிச் சட்டம் இல்லாத காலத்தில், 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சீடாவின் பிரிவுகளைச் சான்றாகக் கொண்டுதான் நெறிமுறைகள் வகுத்தது. 2013-ல் வந்த சட்டத்துக்கு அடித்தளம் அதுவே. தாளில் எழுதியது வேலைத்தலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே, மாணவர்கள் ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டினால் அதைக் கேலி செய்யமாட்டேன்.

என் குறை, அந்த அறையில் மல்லுக்கட்டு நடந்த விதத்தில்.

அமெரிக்காவின் பிளக்கார்டை வைத்திருந்த மாணவர் எழுந்து, உடன்படிக்கைக்கு விலக்கு கேட்டதற்காகச் சவூதி அரேபியாவை ஒன்றரை நிமிடம் விளாசினார். கைத்தட்டல். சவூதி 2000-த்தில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, இஸ்லாமியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களில் கட்டுப்படமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தது உண்மை. ஆனால் அமெரிக்கா 1980-ல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு இன்றுவரை உறுதிசெய்யவே இல்லை. 189 நாடுகள் சேர்ந்திருக்கும் உடன்படிக்கைக்கு வெளியே நிற்பவர், உள்ளே இருப்பவருக்குப் பாடம் எடுக்கிறார்! சவூதியின் மாணவரும் அதைக் கேட்கவில்லை, தலைமை வகித்தவரும் சுட்டிக்காட்டவில்லை. குரலுக்கும் தோரணைக்கும் மதிப்பெண் இருக்கும் இடத்தில் தகவல் பிழைக்குத் தண்டனை இல்லை.

இதைவிடப் பெரிய பிழை நாற்காலிகளில் இருந்தது. உண்மையான சீடா குழுவில் நாடுகள் உறுப்பினராக உட்காருவதில்லை. அங்கே இருப்பவர்கள் 23 நிபுணர்கள். தத்தம் அரசின் சார்பில் பேச அவர்களுக்கு உரிமை கிடையாது. தன் நாட்டு அறிக்கை பரிசீலனைக்கு வரும்போது அந்நாட்டு நிபுணர் ஒதுங்கிக்கொள்கிறார். நாடு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறது. அரசின் அறிக்கை ஒருபுறம், பெண்கள் அமைப்புகள் அனுப்பிய நிழல் அறிக்கை மறுபுறம் என்று வைத்துக்கொண்டு நிபுணர்கள் கேட்கிறார்கள்: சட்டம் இருக்கிறதா, அமலில் இருக்கிறதா, எத்தனை பேருக்குப் பயன்பட்டது? இந்தியா தன் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று இந்தக் குழு திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதும் அப்படித்தான்.

மாநாட்டு அறையிலோ பதில் சொல்ல வேண்டிய நாடுகளே நீதிபதி நாற்காலிகளில் இருந்தன. விளைவு, மாலையில் நிறைவேறிய தீர்மானம். நாடுகளை ஊக்குவித்தது, வரவேற்றது, கேட்டுக்கொண்டது. 'விழிப்புணர்வு' என்ற சொல்லை விரல்விட்டு எண்ணினேன், பதினொரு முறை. எந்த நாடு எதை எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

கட்டணம் கட்ட முடிந்து, ஆங்கிலத்தில் தடங்கலின்றிப் பேசவும் முடிந்தவர்கள்தான் அங்கே பெண்ணுரிமை பேசினார்கள் என்பதும் உண்மை. அதை இந்த மாநாட்டின் தனிக்குற்றமாக்க மாட்டேன். நம் கல்லூரி வாழ்க்கை முழுவதற்கும் பொதுவான குறை அது.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அக்கா மகள் சொன்னதைத்தான் நான் முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். "நம்ம வேற்றுமை, நம்ம பன்மைன்னு நீட்டி முழக்கினேன் சித்தி. செம கைத்தட்டல். 2009 சட்டத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பேன். யாருமே கேக்கலை."

தன் வாதங்களிலேயே நொண்டியான வாதம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் அந்த அறை பரிசு கொடுத்தது.

எடைபோட்டுச் சொல்வதானால் இதுதான் என் முடிவு. சபையில் அஞ்சாமல் பேசப் பழக்கும் பயிற்சி என்ற அளவில் இந்த மாநாடு தேர்ச்சி பெறுகிறது. பெண்ணுரிமைக் கல்வி என்ற அளவில் தோற்கிறது. அக்கா மகள் கற்றுக்கொண்டதெல்லாம் முதல்நாள் இரவு, மூல ஆவணத்தை வரிவரியாகப் படித்தபோது கற்றது. மூன்று நாள் மாநாடு அதன்மேல் சேர்த்தது குறைவு. கேள்வி கேட்காமல் கைதட்டி அதைக் கொஞ்சம் அழித்தும்விட்டது.

மாநாட்டை மூட வேண்டியதில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். நான்கு பேர் இந்திய அரசாக எதிர்ப்பக்கம் உட்காரட்டும். மூன்று பேர் பதிவுத்துறை அலுவலகத்துக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்கும் போய் விசாரித்து நிழல் அறிக்கை எழுதிவரட்டும். மற்றவர்கள் நிபுணர்களாக இருந்து கேட்கட்டும். பேச்சுக்குத் தரும் மதிப்பெண்ணைக் கேள்விக்குத் தரலாம்.

அக்கா மகள் பயந்துகொண்டிருந்த அந்த ஒரு கேள்வியைக் கேட்க அங்கே ஒருவர் இருந்திருந்தால், அவளுக்குப் பரிசு கிடைக்காமல் போயிருக்கலாம். என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.