முதல் பெயரும் 62ஆவது பெயரும்

மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்கள், டிராஃப்ட் நடந்த 2022 ஜூலை 7ஆம் தேதி இரவு இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒன்று யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கட்சி, இன்னொன்று ஷேன் ரைட் கட்சி. 18 வயதுப் பையன்கள் இருவரில் யார் பெரிய ஆளாவான் என்பதுதான் சண்டை. முதல் மூன்று சீசன்களின் கணக்கை எடுத்து வைத்தால் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கட்சி ரைட் கட்சியை முந்திவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் அதிக ஓட்டு வாங்கியிருப்பவர் இரண்டு கட்சியும் அதிகம் பேசாத மூன்றாவது வேட்பாளர்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் ஏலம் கிடையாது. முந்தைய சீசனில் கீழே முடித்த அணிகளுக்கு முன்னுரிமை, முதல் சில இடங்களுக்கு மட்டும் குலுக்கல். அணிகள் வரிசையாக ஒவ்வொரு பெயராகச் சொல்லும். பெயர் சொல்லப்பட்ட பையனோடு ஒப்பந்தம் போடும் உரிமை அந்த அணிக்கு. எந்த ஊருக்குப் போவது என்று அவனைக் கேட்க மாட்டார்கள். ஐபிஎல்லில் ஏலம் போகிறவர்களில் பலருடைய ஸ்ட்ரைக் ரேட் நமக்கு மனப்பாடம். இங்கே 18 வயதில் பார்த்துவிட்டு 23 வயதில் என்ன ஆவான் என்று சொல்ல வேண்டும். அதனால் டிராஃப்ட் அன்று யாரும் வாதத்தில் தோற்பதில்லை.

மான்ட்ரியலில் இந்த வாதம் சூடாக இருந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்ற அணி. கடைசியாக வென்றது 1993இல். 2021இல் இறுதிச் சுற்றுவரை போய் டம்பா பே அணியிடம் தோற்றது. அடுத்த சீசனிலேயே 82 ஆட்டங்களில் 55 புள்ளிகளோடு லீக்கின் கடைசி இடம். குலுக்கலும் கைகொடுக்க, முதல் பெயரைச் சொல்லும் உரிமை கிடைத்தது. டிராஃப்ட் நடந்ததும் சொந்த ஊரின் பெல் சென்டர் அரங்கில்.

இதற்கு முன் அந்த அணி முதல் பெயரைச் சொன்னது 1980இல். அன்றும் டிராஃப்ட் மான்ட்ரியலில்தான். டெனி சவார் என்ற பையன் அந்த ஊரில் வளர்ந்தவன், அந்த ஊர் ஜூனியர் அணியில் ஆடியவன். ஊரே அவன் பெயரை எதிர்பார்த்தது. நிர்வாகம் டக் விக்கன்ஹைசரைச் சொன்னது. சவார் மூன்றாவதாகச் சிகாகோவுக்குப் போய், 1,300 புள்ளிகளைத் தாண்டி, ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். விக்கன்ஹைசர் 300 புள்ளிகளைக்கூட எட்டவில்லை. (வீரர் கணக்கில் கோலும் புள்ளிதான், கோலுக்கு வழிசெய்த அசிஸ்டும் புள்ளிதான்.) மான்ட்ரியலில் இந்தக் கதை தாத்தா சொல்லி பேரனுக்குத் தெரிந்த கதை. 42 ஆண்டு கழித்து அதே வாய்ப்பு வந்தபோது ரசிகர்கள் பதறியதில் நியாயம் இருந்தது.

ரைட் கட்சியின் கையில் பழைய சாதனைகள் இருந்தன. 15 வயதிலேயே ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் ஆட விதிவிலக்கு பெற்றவர். ஜான் டவாரெஸ், கானர் மெக்டேவிட் போன்ற நட்சத்திரங்களுக்குக் கிடைத்த சலுகை அது. முதல் சீசனில் 58 ஆட்டங்களில் 39 கோல். அதன்பின் கொரோனா வந்து ஒரு சீசன் முழுவதையும் விழுங்கியது. திரும்பி வந்து 63 ஆட்டங்களில் 94 புள்ளி எடுத்தார். நல்ல கணக்குதான். ஆனால் மூன்று வருடமாக “இவன்தான் முதல் பெயர்” என்று சொல்லிவைத்திருந்த எதிர்பார்ப்புக்கு அது போதவில்லை. வளர்ச்சி நின்றுவிட்டதோ என்ற சந்தேகம் ஸ்கவுட்களிடம் முளைத்தது.

ஸ்லாஃப்கோவ்ஸ்கி கட்சி காட்டியது உடம்பையும் ஒரே ஒரு பிப்ரவரி மாதத்தையும். ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோ அளவில் எடை, அந்த உடம்புக்குள் மென்மையான கைகள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 ஆட்டங்களில் 7 கோல் அடித்து, ஸ்லோவாக்கியாவுக்கு ஐஸ் ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் பதக்கமான வெண்கலம் கிடைக்கக் காரணமானார். தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். எதிர்க்கட்சி உடனே கேட்டது: என்எச்எல் வீரர்கள் யாருமே வராத ஒலிம்பிக் அது, ஃபின்லாந்து லீக்கில் 31 ஆட்டங்களில் பத்தே புள்ளிதானே? அதுவும் உண்மை. இரண்டு கணக்கும் ஒரே பையனுடையவை, ஒரே வருடத்தில் வந்தவை.

மேடையில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி பெயர் வந்ததும் அரங்கில் ஆரவாரத்தோடு திகைப்பும் கலந்தே எழுந்தது. இரண்டாவதாக நியூ ஜெர்ஸி இன்னொரு ஸ்லோவாக்கியரான ஷிமோன் நேமெட்ஸை எடுத்தது. மூன்றாவதாக அரிசோனா, லோகன் கூலியை. ரைட் நான்காவது இடத்துக்கு வழுக்கிச் சியாட்டிலுக்குப் போனார். மேடைக்குப் போகும்போது மான்ட்ரியல் மேசையை அவர் முறைத்தாரா இல்லையா என்று ஒரு வாரம் பேசினார்கள். முறைக்கவில்லை என்றார் ரைட். முறைத்திருந்தால்தான் என்ன?

என் வருத்தமெல்லாம் அந்தத் தேர்வைப் பற்றியதல்ல, அதற்குப் பிறகு வந்த முதல் சீசனைப் பற்றியது. கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து எடுக்கப்படும் பையனை 20 வயதுக்குள் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக்கான ஏஎச்எல்லுக்கு அனுப்புவதில் கட்டுப்பாடு இருந்தது. பெரும்பாலும் என்எச்எல்லில் ஆட வேண்டும், இல்லையென்றால் பழைய ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும். ரைட் முதல் வருடம் அங்கும் இங்குமாக அலைந்தது இதனால்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு அந்தத் தடை இல்லை. மான்ட்ரியலின் ஏஎச்எல் அணி பக்கத்திலேயே லவாலில் இருக்கிறது. காலையில் கூப்பிட்டால் மாலைக்குள் வந்துவிடலாம். சியாட்டிலுக்கு இல்லாத வசதி மான்ட்ரியலுக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தவில்லை.

பையனை என்எச்எல்லிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம்தான் களத்தில். வட அமெரிக்க ரிங்க் அகலம் குறைவு, முடிவெடுக்க நேரம் கிடைக்காது. தலையைக் குனிந்து பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) பார்த்த நேரத்தில் எதிராளி வந்து மோதினான். 39 ஆட்டம், 4 கோல், 10 புள்ளி, 2023 ஜனவரியில் காயம், சீசன் முடிந்தது. அதே சீசனில் லோகன் கூலி மினசோட்டா பல்கலைக்கழக அணியில் இருந்தார். அவரும் ஆடியது 39 ஆட்டம்தான். எடுத்தது 60 புள்ளி. தரம் வேறு, ஒப்பிடக்கூடாது என்பது தெரியும். ஆனால் 18 வயதில் பக் காலடியிலேயே கிடக்கும் ஒரு வருடத்துக்கும், பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கும் ஒரு வருடத்துக்கும் வித்தியாசம் உண்டு.

பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயிக்கு இதில் வேறு கணக்கு. பையன் தன் கண்ணெதிரே தவறு செய்து, தன் கண்ணெதிரே திருந்த வேண்டும் என்பது அவர் வழி. குள்ளம் என்று எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்காத ஆள் அவர். 2004இல் கோப்பையும் வென்று, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதும் வாங்கியவர். 18 வயதில் எழுதப்படும் தீர்ப்பின் மீது அவருக்கு மரியாதை இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை.

முதல் வருடத்தை வைத்து யாரையும் எழுதிவைக்க முடியாது என்பதும் சரி. நியூ ஜெர்ஸியின் ஜாக் ஹியூஸ் 2019இல் முதல் பெயர். முதல் சீசனில் 61 ஆட்டங்களில் 21 புள்ளி, நான்காவது சீசனில் 99. எட்மன்டனின் நைல் யாகுபோவ் 2012இல் முதல் பெயர். முதல் சீசனில் 48 ஆட்டங்களில் 31 புள்ளி எடுத்து அசத்தினார். சில வருடங்களில் லீக்கிலேயே இல்லை. மான்ட்ரியல் தெய்வமாகக் கொண்டாடும் கீ லஃப்ளேரே 1971இல் முதல் பெயராக வந்து, மூன்று சீசன் 29, 28, 21 என்று கோல் எண்ணிக்கை இறங்கி, வசை வாங்கியவர்தான். நான்காவது சீசனில் 53 அடித்தார். அங்கிருந்து தொடர்ந்து ஆறு சீசன் ஐம்பதுக்குக் குறையவில்லை.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் இரண்டாவது சீசனும் தட்டுத் தடுமாறியே தொடங்கியது. அவரை நிக் சுசுகி, கோல் காஃபீல்ட் இருவரோடும் முதல் வரிசையில் நிலையாக ஆடவைத்த பிறகு ஆட்டம் மாறியது. காஃபீல்ட் சிறிய உருவம், கோல் அடிக்கப் பிறந்தவர். சுசுகி மூளை. இருவருக்கும் குறைவது பலம். பக் சுவரோரம் சிக்கிக்கொள்ளும்போது இரண்டு எதிராளிகளை முதுகில் தாங்கிக்கொண்டு அதை மீட்டெடுப்பதும், கோலி கண்ணை மறைத்து வலைமுன் நின்று அடி வாங்குவதும் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் வேலையானது. இந்த வேலைக்குப் புள்ளிப் பட்டியலில் இடமில்லை. இருந்தும் 82 ஆட்டங்களில் 20 கோல், 50 புள்ளி வந்தது. 2024 ஏப்ரலில் பிலடெல்பியாவை 9-3 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஹாட்ரிக். அடுத்த சீசனில் 79 ஆட்டங்களில் 51 புள்ளி. சுசுகி 89 புள்ளி, காஃபீல்ட் 37 கோல் என்று எட்டிய சீசன் அது. அணி நான்கு வருடம் கழித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

அப்படியென்றால் தேர்வு சரிதானா? மூன்று சீசனின் மொத்தம் இது. ஸ்லாஃப்கோவ்ஸ்கி 200 ஆட்டங்களில் 111 புள்ளி. ரைட் 95 ஆட்டங்களில் 51. லோகன் கூலி 157 ஆட்டங்களில் 109. அந்த மூன்றாவது வேட்பாளர் இவர்தான்: ஒரு சீசன் தாமதமாக வந்தும் கூலி கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டார். அணி யூட்டாவுக்கு இடம்பெயர்ந்த 2024-25 சீசனில் மட்டும் 75 ஆட்டங்களில் 65 புள்ளி. அதற்கு மேல் அவர் நடுவில் ஆடும் சென்டர், ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஓரத்தில் ஆடும் விங்கர். நல்ல விங்கரை ஒப்பந்தத்தில் வாங்கலாம். நல்ல சென்டர் சந்தைக்கு வருவதே அபூர்வம்.

இது மான்ட்ரியலுக்குத் தெரியாததல்ல. அதே டிராஃப்ட் இரவில் பாதுகாப்பு வீரர் அலெக்ஸாண்டர் ரொமானோவையும் தேர்வு உரிமைகளையும் கைமாற்றி, சிகாகோவிடமிருந்து கர்பி டாக் என்ற சென்டரைக் கொண்டுவந்தார்கள். 2023 அக்டோபரில் டாக்கின் முழங்கால் போனது, சீசன் முழுக்க வீட்டில். 2025இல் மறுபடி அறுவைச் சிகிச்சை. சுசுகிக்குப் பின்னால் இரண்டாவது சென்டர் யார் என்ற கேள்வி மூன்று வருடமும் மான்ட்ரியலை விடவில்லை. அந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரைட்டா ஸ்லாஃப்கோவ்ஸ்கியா என்ற சண்டை எவ்வளவு குறுகலானது என்பது புரிகிறது.

இன்னொரு பெயரும் இருக்கிறது. மறுநாள், ஜூலை 8, இரண்டாவது சுற்று. எல்லோரும் முதல் பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது 62ஆவதாக மான்ட்ரியல் சொன்ன பெயர் லேன் ஹட்சன். ஐந்தே முக்கால் அடிப் பையன். இன்னும் வளர்வேன் என்பதற்கு மருத்துவர் கடிதத்தோடு அணிகளைச் சந்தித்தவன். மான்ட்ரியலே 1, 26, 33 என மூன்று முறை அவனைத் தாண்டிப்போய் வேறு பெயர் சொன்னது. 2024-25இல் ஹட்சன் 66 புள்ளி எடுத்தார். அதில் 60 அசிஸ்ட், அறிமுக சீசனில் டிஃபென்ஸ்மேன் ஒருவருக்கு லாரி மர்ஃபி வைத்திருந்த பழைய சாதனைக்குச் சமம். சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதும் அவருக்கே. அந்த விருது 2022 டிராஃப்ட்டின் முதல் பெயருக்கும் கிடைக்கவில்லை, நான்காவது பெயருக்கும் கிடைக்கவில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. ரைட்டை விட்டது சரி. ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தது பிழையில்லை, சிறந்த தேர்வும் இல்லை. அவரை முதல் வருடம் லவாலுக்கு அனுப்பாதது பிழை. நிர்வாகம் தன் பக்கத் தீர்ப்பைப் பணத்தில் எழுதிவிட்டது: 2024 ஜூலை 1 அன்று எட்டு வருட ஒப்பந்தம், மொத்தம் 6.08 கோடி டாலர். வருடத்துக்கு 76 லட்சம், சுசுகியும் காஃபீல்டும் வாங்குவதைவிடச் சற்றே குறைவு. 2025-26இல் தொடங்கிய அந்த ஒப்பந்தம் 2033இல் முடியும்போது அவருக்கு வயது 29.