‘பாலஸ்தீனக் கவிதைகள்’: கல்முனையிலிருந்து ஒரு வாசிப்பு

எம். ஏ. நுஃமானின் ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ 1981ஆம் ஆண்டு கல்முனை வாசகர் சங்க வெளியீடாக வந்தது. முஸ்லிம் ஒருவர், முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊரிலிருந்து, அராபியரின் கவிதைகளைத் தமிழில் தந்தார். ஆகவே இது சமயப் பற்றின் விளைவு என்று இந்நூலை ஒதுக்குவோர் உளர். அதே காரணத்துக்காக இதனைப் போற்றுவோரும் உளர். இவ்விரு சாராரும் நூலைத் திறந்து பார்த்தனரா என்பதே நமது ஐயம்.

பாலஸ்தீன எதிர்ப்புக் கவிதையின் முதல்வர்கள் யாவர்? மஹ்மூத் தர்வீஷ் இளமையில் இஸ்ரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். சமீஹ் அல் காசிம் துரூஸ் சமூகத்திற் பிறந்த பொதுவுடைமையாளர். தௌபீக் சையாத் கம்யூனிஸ்டாகவே நின்று 1975இல் நாசரேத்தின் மேயரானவர். இவர்களைப் பாட வைத்தது மதமன்று, பறிபோன மண். தர்வீஷ் பிறந்த அல் பிர்வா கிராமம் 1948இல் பறிக்கப்பட்டபோது அவருக்கு வயது ஏழு.

மண்ணைப் பற்றிய இப்பேச்சு நமது கரையோரத்துக்கு அந்நியமானதன்று. இங்கு வீடுகள் கடலை ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. வயல்களோ மேற்கே விரிந்துள்ளன. அவ்வயலின் வாழ்வைத்தான் பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் ‘வேளாண்மை’ என்னும் காவியமாக்க முனைந்தார். அவர் 1975இல் மறைந்தார். காவியம் 1982இல் நூலாயிற்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பின்னர், காணி யாருக்கு என்ற கேள்வி இம்மாவட்டத்தில் ஓய்ந்ததேயில்லை. கல்முனைக்குடியிற் பிறந்த ஒருவர் தர்வீஷிடம் சென்றதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு ஆங்கில வழியே வந்தது. அதனால் அராபிய யாப்பின் ஓசை நமக்குக் கிட்டவில்லை. சில கவிதைகள் முழக்கத்தோடு நின்றுவிடுகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ‘அடையாள அட்டை’ போன்ற கவிதை தமிழிற் பிறந்ததுபோலவே பேசுகிறது. பேச்சோசையைக் கவிதைக்குள் கொணர்ந்த மஹாகவியின் வழியில் நுஃமான் பயின்றவர். அளவெட்டி தந்த அக்கவிஞரின் ‘கோடை’ பா நாடகத்தை 1970இல் வெளியிட்டதும் இதே கல்முனை வாசகர் சங்கமே. யாழ்ப்பாணத்துக் கவிஞருக்குக் கல்முனையிற் பதிப்பாளர் கிடைத்த காலம் அது!

‘அடையாள அட்டை’யில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவன் அதிகாரியின் முன் நிற்கிறான். தன் இனம், அட்டை இலக்கம், பிள்ளைகளின் தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுமாறு கூறுகிறான். பதிவேட்டின் வறண்ட மொழியே அவனது கோபத்துக்குக் கருவியாகிறது. இப்போது நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யை எடுத்துக்கொள்வோம். அதுவும் 1981ஆம் ஆண்டின் படைப்பே. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்தது. சிவில் உடையில் வந்த பொலிசார் புத்தரைச் சுட்டுவிடுகின்றனர். தமது பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று அமைச்சர்கள் பதறுகின்றனர். பின்னர் பிணத்தை நூல்களோடு சேர்த்து எரிக்கின்றனர். இங்கும் ஒப்பாரி இல்லை. ஒரு பட்டியல் பற்றிய அலுவலகப் பேச்சுத்தான் உண்டு. அப்பேச்சின் சாதாரணத் தன்மையே நம்மை நடுங்க வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தர்வீஷிடமிருந்து கற்றது சொற்களை அல்ல, இந்த நிதானத்தையே என்பது எமது துணிபு.

எண்பதுகளில் ஈழத்து இளங்கவிஞர் பலர் இத்தொகுப்பினால் உரம் பெற்றனர். 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதியைப் படிப்போர் இதனை உணர்வர். ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும், எமது மாவட்டத்து வீரமுனையில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். பாலஸ்தீனரின் இழப்பைத் தமது இழப்பென உணர்ந்த மண்ணிலேயே இவை நிகழ்ந்தன.

அதன் பின் விமர்சகரும் இலக்கியத்தைப் பங்கு பிரித்துவிட்டனர். நுஃமான் ‘முஸ்லிம் இலக்கியம்’ என்ற அடுக்கிலும், நீலாவணன் ‘தமிழ் இலக்கியம்’ என்ற அடுக்கிலும் வைக்கப்படுகின்றனர். யாழ்ப்பாணத்து நூலகத்துக்காக எழுந்த கவிதையை எந்த அடுக்கில் வைப்பார்களோ! உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் ‘அடையாள அட்டை’யையும் ‘புத்தரின் படுகொலை’யையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து வாசித்துக் காட்டட்டும். பட்டியலைக் கையில் வைத்திருப்பவன் யார் என்று மாணவர் கேட்பர்.