தலால் அஸத்தும் மதம் என்கிற சொல்லும்

மதம் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பலரும் 'நம்பிக்கை' என்று சொல்லிவிடுவோம். நம்புகிறவனும் நம்பாதவனும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். பகுத்தறிவு மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்த எனக்கும், கடவுள் உண்டா இல்லையா என்கிற சண்டையை முடித்துவிட்டால் மதத்தின் கதையும் முடிந்தது என்கிற நினைப்புத்தான். தலால் அஸத்தை வாசித்தபோது முதலில் ஆட்டம் கண்டது அதுதான்.

அஸத் 1932இல் மதீனாவில் பிறந்தவர். தந்தை முஹம்மது அஸத், லியோபோல்ட் வைஸ் என்ற யூதராகப் பிறந்து 1926இல் இஸ்லாத்தைத் தழுவியவர். உலகப்போரின்போது பிரிட்டிஷ் இந்தியாவில் எதிரிநாட்டவர் என்று அடைத்துவைக்கப்பட்டவர். தாய் சவூதி அரேபியர். தந்தைக்கு மதம் வாதிட்டு நிறுவவேண்டிய சிந்தனை, தாய்க்கோ அது உடம்பில் ஊறிய பழக்கம் என்று பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்கிறார் அஸத். அவருடைய கோட்பாடு முழுக்க அம்மா பக்கம் சாய்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

கட்டடக்கலை படிக்க பிரிட்டன் போனவர் மானிடவியலுக்கு வந்து சேர்ந்தார். சூடானின் கபாபிஷ் நாடோடிகளைப் பற்றிய முதல் நூல் 1970இல் வந்தது. 1973இல் அவர் தொகுத்த காலனியமும் மானிடவியலும் பற்றிய நூலைச் சொல்லி, 'மானிடவியல் காலனியத்தின் கைக்கூலி' என்று நம்ம ஆட்கள் கோஷம் போடுவதுண்டு. அவர் சொன்னது அதுவல்ல. காலனிய ஆட்சிக்கு மானிடவியலாளர்களால் கிடைத்த பயன் சொற்பம். ஆனால் அந்த அதிகாரம் இல்லாமல் இந்தத் துறையின் பார்வையே உருவாகியிருக்காது என்பது அவர் வாதம். கோஷத்தைவிட இது கடுமையானது.

1993இல் வந்த நூலில் கிளிஃபோர்ட் கீர்ட்ஸை எடுத்துக்கொள்கிறார். மதம் ஒரு குறியீட்டு ஒழுங்கு, அது மனநிலைகளை உண்டாக்குகிறது என்பது கீர்ட்ஸ் 1966இல் தந்த வரையறை. சரி, குறியீடு சும்மா இருந்தபடியே மனதுக்குள் போய் உட்கார்ந்துவிடுமா? சட்டம், தண்டனை, நோன்பு, பள்ளிக்கூடம், குடும்பம் இவை எங்கே போயின? இடைக்கால மடங்களில் துறவி பணிவை நம்பவில்லை, பழகினான். மதத்தை அந்தரங்க நம்பிக்கையாகச் சுருக்கியது சீர்திருத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பாவின் வரலாறு. அதை எல்லாருக்குமான வரையறை என்று நம் தலையில் கட்டினார்கள். நாமும் தலையாட்டி வாங்கிக்கொண்டோம். 2003இல் மதச்சார்பின்மை பற்றி எழுதியபோது அடுத்த அடி எடுத்துவைத்தார்: அரசு மதத்திலிருந்து விலகி நிற்கவில்லை, எது மதம் என்று தீர்மானிப்பதே அரசுதான். பள்ளிகளில் முக்காட்டைத் தடுத்த 2004ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டம் அதைத்தானே செய்தது!

இதுவரை எனக்கு உடன்பாடுதான். சிக்கல் 'மரபு' என்கிற சொல்லில் இருக்கிறது. இஸ்லாத்தை ஒரு சொல்லாடல் மரபாகப் பார்க்கவேண்டும் என்று 1986இல் எழுதினார். எது சரியான நடைமுறை என்று தீர்மானித்துத் திருத்துகிற அதிகாரத்தையும் அதே கட்டுரையில் அடையாளம் காட்டுகிறார். ஆனால் திருத்தப்படுகிறவன் பக்கத்தில் அவர் அதிக நேரம் நிற்பதில்லை. கிணற்றுப் பக்கமும் கோயில் பக்கமும் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவனுக்கு மரபு என்பது உள்ளிருந்து பேசுகிற இடமா?

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளை அஸத்தோடு சேர்த்து வாசித்துப் பார்த்தேன். சிராத்தம் செய்யமாட்டேன், பிராமணரை வைத்துச் சடங்கு நடத்தமாட்டேன், குடிக்கமாட்டேன். நம்பிக்கையைவிடப் பழக்கமே அதிகம். அந்த அளவுக்கு அஸத் சொல்வது சரி. ஆனால் இந்தப் பழக்கங்களுக்கு அதிகாரம் எந்த மரபிலிருந்து வந்தது? பழைய மரபை உதறி வந்த லட்சக்கணக்கானோர் அன்று அந்த மைதானத்தில் நின்றார்கள். அவர்களுடைய பௌத்தத்தை 'இது பௌத்தமே அல்ல' என்று சொன்ன பௌத்தர்களும் இருந்தார்கள்.