அம்மாவின் நாடு

2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், கலிஃபோர்னியாவில் பிறந்த இரண்டு இளம்பெண்கள் சீனாவுக்காகக் களமிறங்கினார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடிய ஜூ யிக்கு வயது 19. பனிச்சறுக்கு வீராங்கனை ஐலீன் குவுக்கு 18. ஜூ யி 6ஆம் தேதி பனித்தளத்தில் விழுந்தார், மறுநாளும் விழுந்தார். சில மணி நேரத்துக்குள் வெய்போ முழுக்க அவரைப் பற்றிய ஏளனம். சீன மொழி சரளமாக வரவில்லை, உள்ளூர்ப் பெண்ணுக்குரிய இடத்தைப் பறித்துக்கொண்டார், பேராசிரியரான அப்பாவின் செல்வாக்கில் வந்தவர். 8ஆம் தேதி ஐலீன் கு தங்கம் வென்றார். அதே வெய்போ அவரைச் சீனாவின் மகளென்று கொண்டாடியது. அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'நன்றிகெட்டவர்'.

இரு நாட்டு வேர்களுள்ள வீராங்கனைகள் எந்த நாட்டுக்கு ஆடுகிறார்கள் என்பது பற்றிய பேச்சைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தமிழ்த்துறைக்காரி என்பதால் என் கண் முதலில் சொற்களில்தான் போய் நிற்கும். சோறு போட்டு வளர்த்தோம், பயிற்சி கொடுத்தோம், இங்கே தின்றுவிட்டு அங்கே போய் விளக்கேற்றுகிறாள் என்ற தொனி. இதெல்லாம் நமக்குப் பழகிய குரல். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் நிற்கும் பெண்ணிடம் இரண்டு வீடுகளும் கேட்கும் கணக்கு இது. அங்கிருந்து என்ன கொண்டுவந்தாய், இங்கிருந்து எதைக் கொண்டுபோகிறாய்? ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை அவள் வீட்டு மகள். சறுக்கிய அன்று வந்தேறி.

ஆண்களை மட்டும் விட்டுவைத்தார்களா என்று கேட்கலாம். இல்லைதான். ஒரே கானா நாட்டுத் தந்தைக்கும் இருவேறு ஜெர்மானியத் தாய்மாருக்கும் பிறந்த போட்டெங் சகோதரர்களில் ஜெரோம் ஜெர்மனிக்கும், கெவின் பிரின்ஸ் கானாவுக்கும் ஆடினார்கள். 2010, 2014 உலகக்கோப்பைகளில் எதிரெதிரே நின்றார்கள். வசை அவர்களுக்கும் விழுந்தது. ஆனால் அப்பா யார் என்ற கேள்வி அவர்கள் கதையில் எழவே இல்லை. ஐலீன் குவின் கதையில் அதுதான் ஓயாத கேள்வி. பெய்ஜிங்கிலிருந்து அமெரிக்கா சென்ற அம்மாவும், உடனிருந்த பாட்டியும் வளர்த்த பெண் அவர். தந்தை அமெரிக்கர் என்பதற்கு மேல் குடும்பம் எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனத்தை ஊடகங்களால் தாங்க முடியவில்லை. யார் அவர், என்ன செய்கிறார், ஏன் மறைக்கிறீர்கள்? பதக்க மேடையில் நிற்கும் பெண்ணிடம் இனிஷியல் கேட்கிறார்கள்.

'கு' என்பது அவருடைய அம்மாவின் குடும்பப்பெயர். நவோமி ஒசாகாவின் 'ஒசாகா'வும் அப்படியே. தந்தை ஹைட்டி நாட்டவர், தாய் ஜப்பானியர். மகள்களை ஜப்பானுக்காக ஆடவைப்பது என்று அவர்கள் சிறுவயதிலேயே முடிவெடுத்தவர்கள். 2022 வரை இருந்த ஜப்பானியச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமையுள்ள பிள்ளை 22 வயது நிறைவதற்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் ஒசாகாவின் 22ஆவது பிறந்தநாளை ஒட்டி அவர் ஜப்பானைத் தேர்ந்த செய்தி வந்தபோது, விளம்பரப் பணத்துக்காகத்தான் என்றார்கள். நான் தேடிப் படித்த கட்டுரைகள் பலவற்றில் விடுபட்டிருந்த ஒரு செய்தி உண்டு. 1985க்கு முன்பு பிறந்திருந்தால், தேர்ந்தெடுக்க அவருக்கு ஜப்பான் என்ற ஒன்றே இருந்திருக்காது. அதுவரை அந்நாட்டுக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே வந்தது. ஜப்பானியப் பெண் வெளிநாட்டவரை மணந்தால் அவள் பிள்ளை அந்நியப் பிள்ளை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேர்வதற்காக 1984இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது.

இந்த இடத்தில் நாம் ஜப்பானைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய் வழியாகவும் இந்தியக் குடியுரிமை உண்டு என்று நம் சட்டம் ஏற்றது 1992இல். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் பாரதமாதாவுக்கு வணக்கம் பாடிக்கொண்டிருந்தேன். நாட்டுக்குத் தாய் என்று பெயர் வைத்துவிட்டு, அந்த நாட்டைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமையை மட்டும் தாயிடம் தராமல் வைத்திருந்திருக்கிறோம். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்பா ஊருதானே மேம் சொந்த ஊரு? அம்மா ஊருக்கு லீவுக்குத்தான போவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பொதுப்புத்தி இவ்வளவு சுருக்கமாக வாய்விட்டுப் பேசுவது அபூர்வம்.

சட்டம் திருந்திவிட்டது, அந்த 'லீவு' கணக்கு திருந்தவில்லை. தாய்வழி வந்த நாட்டை ஒரு பெண் தன் நாடு என்று சொன்னால் அதை உறவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆதாயம், தந்திரம், வேஷம் என்றே படுகிறது. ஒசாகாவுக்கு நிறமும் சேர்ந்துகொண்டது. 2019இல் ஒரு நிறுவனம் தன் விளம்பரச் சித்திரத்தில் அவரை வெளிர்நிறமாக வரைந்து, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு இரண்டு பெண் நகைச்சுவைக் கலைஞர்கள், அவருக்கு வெளுப்புக் காரம் தேவை என்று மேடையில் கேலி பேசிப் பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். இன்னொரு பக்கம், ஜப்பானைத் தேர்ந்ததால் கறுப்பினத்தவராக இருக்கும் தகுதியை இழந்துவிட்டார் என்று ஏசியவர்களைப் பற்றி அவரே ஆவணப்படத்தில் சொல்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியது அவர் கை. நான்காம் நாள் மூன்றாவது சுற்றில் தோற்றதும், அவரை ஜப்பானியர் என்று சொல்லலாமா என்ற பழைய விசாரணை மறுபடி தொடங்கியது.

இதற்காக, அம்மாவின் நாட்டைத் தேர்வதெல்லாம் பெண்ணியச் செயல் என்று சொல்ல வரவில்லை. அம்மாவின் நாட்டிலும் அரசு உண்டு, அந்த அரசில் அப்பாக்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சீன டென்னிஸ் வீராங்கனை பெங் ஷுவாய் 2021 நவம்பரில் முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் தன்னைப் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்தியதாக எழுதினார். அரை மணி நேரத்துக்குள் பதிவு மறைந்தது. சில வாரங்கள் அவரையே காணவில்லை. இதைப் பற்றிக் கேட்டபோது ஐலீன் கு, அவர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு உவப்பானதல்ல. அவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி அதுதான். உன் அப்பா யார், எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாய், எவ்வளவு வாங்கினாய் என்ற இரைச்சலில் அந்த ஒரு கேள்வி கரைந்துபோனது. அவர் தப்பித்ததற்கு நம் பொதுப்புத்தியும் உதவியிருக்கிறது.

அந்த 8ஆம் தேதிப் போட்டியில் கடைசித் தாவலுக்கு முன் ஐலீன் கு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். ஏற்கெனவே பழகிய நான்கு சுழற்சியைச் செய், வெள்ளியாவது உறுதி என்றார் அம்மா. மகள் கேட்கவில்லை. அதுவரை ஒருமுறைகூடச் செய்து பார்க்காத நாலரைச் சுழற்சியை முயன்று, நின்று, தங்கம் வாங்கினார். பார்வையாளர் இருக்கையில் முகக்கவசத்துடன் பெங் ஷுவாய் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.