பல் பிடுங்கிய காட்டேரி

ப்ராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஒரு அனுமதிச் சீட்டாகிப்போனது. 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி ரத்தக்காட்டேரியைத் தடைசெய்தது. 1971இல் தளர்த்தினார்கள்: டிராகுலா மாதிரி உயர்ந்த இலக்கிய மரபில் வந்தால் சரி! அதாவது, பள்ளிக்கூடம் அங்கீகரித்த பிரதி ரத்தம் குடிக்கலாம். மலிவுப் பிரதி குடிக்கக் கூடாது.

அந்த வருடமே ஸ்பைடர்மேன் காமிக்ஸில் மோர்பியஸ் என்ற ரத்தம் குடிப்பவன் வந்தான். 1994இல் தொடங்கிய ஸ்பைடர்மேன் தொலைக்காட்சித் தொடரில் அந்த அனுமதியும் செல்லவில்லை. அங்கே மோர்பியஸ் கடிப்பதில்லை. உள்ளங்கைத் துளைகளால் 'பிளாஸ்மா' உறிஞ்சுகிறான். சிரிப்புத்தான் வருது. ஆனாலும் எனக்கு அந்தக் கை, பல்லைவிட அருவருப்பாக இருந்தது. ஸ்டோக்கரிடம் கடி என்பது காமம், அந்நியன் மீதான பயம். அதைத் துடைத்தெடுத்துவிட்டு, தொடுவதையே பயங்கரமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் நல்லதாமா?