சேஷாத்திரியின் அளவுகோல்

மூன்றாம் படிப் பல்லுறுப்பிக்கு மூன்றின் மேற்பட்ட மூலங்கள் இல்லை என்பதைத் தலவாக்கலையில் உயர்தரக் கணிதம் பயிலும் மாணவனும் அறிவான். பரப்புகளை ஆராயுங்கால் பல்லுறுப்பியின் இடத்தில் கோட்டுக் கற்றையின் வெட்டுகள் நிற்கின்றன. அவை ஒரு புள்ளியில் எத்துணை மடங்கு பூச்சியமாகலாம்?

காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி, கற்றை 'நிறைவுடையது' ஆதற்கு, அதாவது அதன் உயரடுக்குகளின் வெட்டுகள் பரப்பை வீழ்த்தல் வெளியில் பதித்தற்கு, ஓர் இலக்கணம் வகுத்தார். கற்றை வளையியொன்றைச் சந்திக்கும் எண்ணை, வளையி ஒரு புள்ளியில் கொண்ட மடங்கால் வகுக்க வேண்டும். எல்லா வளையிகளுக்கும் புள்ளிகளுக்கும் பொதுவான ஒரு நேரெண்ணுக்கு அவ்வீவு குறைதல் கூடாது.

சந்திக்கும் எண் நேராயிருத்தல் மட்டும் போதாதோ எனின், போதாது. மம்போர்ட் காட்டிய பரப்பில் ஒவ்வொரு வளையியிலும் நேராய் நின்ற கற்றை நிறைவெய்தவில்லை. பொதுவான நேரெண் வேண்டுமென்றதே சேஷாத்திரியின் நுண்மை.

இதனைச் சோதனையாக மட்டும் கற்பது குறையாகும். பிரெஞ்சு அறிஞர் டெமையி 1992இல் வெளிவந்த கட்டுரையில், ஒரு புள்ளியில் அவ்வீவுகளின் கீழெல்லையைச் சேஷாத்திரி மாறிலி எனக் கொண்டார். கற்றையின் தற்சந்திப்பெண்ணை அதனால் வகுத்துப் பெறும் அளவைக் கடந்து, பூச்சியமல்லாத எவ்வெட்டும் அப்புள்ளியில் பூச்சியமாகாது. ஆகவே வெட்டுகளின் தொகைக்கும் வரம்பு கிட்டும். தளத்தில் இவ்வளவு பல்லுறுப்பியின் படியே ஆகும். பள்ளியிற் கற்ற உண்மை இங்கே முழு உருவெய்துகிறது.