அளவுகோலின் மொழி: நம்மிடை நிகழும் ஆராய்ச்சிகளைப் பற்றிய ஒரு விமரிசனம்

கல்வியியலும் கட்டட வெப்பவியலும் மருத்துவமும் ஒன்றோடொன்று உறவில்லாத துறைகளெனவே தோன்றும். ஒன்று வகுப்பறையில் நிகழ்வது. மற்றொன்று சுவரையும் கூரையையும் பற்றியது. இன்னொன்று நோயாளியின் கட்டிலருகே நிகழ்வது. ஆயினும் இம்மூன்று துறை ஆய்வாளரும் நம் ஊர்களுக்குள் வரும்பொழுது கையிற் கொண்டுவரும் கருவி ஒன்றுண்டு. அது வினாக்கொத்து. வெப்பமானி சுவரின் சூட்டைச் சொல்லும். அச்சுவருக்குள் வாழ்பவன் சுகமாயிருக்கின்றானா என்பதை அவனைக் கேட்டே அறிதல் வேண்டும். குருதியமுக்கமானி ஓர் எண்ணைக் காட்டும். நோவு எத்தகையது என்பதை நோயாளியின் வாயே கூறும். அக்கேள்வி எந்த மொழியிற் பிறந்தது, கேட்கப்படுபவரின் மொழிக்குள் அது எவ்வாறு புகுந்தது என்பதை நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆராய்வதில்லை. கருவியின் அந்தக் குறை, அதனால் அளக்கப்பட்டவரின் குறையாகப் பதிவாகிவிடுகின்றது என்பதே ஈண்டு நாம் கூற முற்படுவது.

மருதமுனையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெரியநீலாவணைக்குத் தெற்கிலும் பாண்டிருப்புக்கு வடக்கிலும், கல்முனையை அடுத்து, கடலோரமாக அமைந்த ஊர் அது, கைத்தறிக்குப் பேர்பெற்றது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்வது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும் சிறுகதையாசிரியர் மருதூர்க்கொத்தனையும் தமிழுக்குத் தந்தது. இந்துக் கல்லூரியொன்றின் மலரிலே முஸ்லிம் ஊரொன்றைப் பற்றிய பேச்சேன் என்று வினவுவார் உளராயின், தேவாரம் ஓதும் பிள்ளையும் குர்ஆன் ஓதும் பிள்ளையும் கணக்கைக் கற்பது ஒரே தமிழிலேதான் என்பது நம் விடை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையை அழித்துச் சென்றது. நாட்டிலே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. அதன்பின் வீடுகள் கட்டுவோரும், உளநலம் விசாரிப்போரும், பள்ளிகளைக் கணக்கெடுப்போருமாகப் பலர் வந்தனர். ஒலுவிலிலே 1995இல் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இன்று ஆராய்ச்சி செய்கின்றது. ஆகவே ஆராய்ச்சிக்குக் குறைவில்லை.

முதலில் வீட்டையும் வெப்பத்தையும் நோக்குவோம். கட்டடத்துக்குள் மனிதர் உணரும் சுகத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் முறை, டென்மார்க் நாட்டறிஞர் பாங்கர் 1970இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அமெரிக்க, டேனிய கல்லூரி மாணவர் முதலானோரைச் சோதனை அறைகளில் இருத்தி, அவர்தம் உணர்வை ஏழு படிகளாற் பதிந்து, அதனின்று ஒரு சமன்பாட்டை அவர் வகுத்தார். நடுவே பூச்சியம், ஒரு புறம் சூடு மூன்று படி, மறு புறம் குளிர் மூன்று படி. நடுவிலிருந்து இரண்டு படியேனும் விலகிய விடை கூறுவோர் அதிருப்தியுற்றோர் எனக் கணிக்கப்படுவர். ஆங்கிலத்திலே குளிர்ப்புறத்தின் இரண்டாம் படிக்கு வழங்கும் சொல்லை அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் 'குளிர்ச்சி' என்றே எழுதுவர். அங்கேதான் இடர் தொடங்குகின்றது. தமிழிலே குளிர்ச்சி ஒரு குறையன்று. அது வாழ்த்துச் சொல். மனம் குளிர்ந்தது என்போம். கண் குளிரக் கண்டோம் என்போம். மருதமுனைக் கிழவி ஒருத்தி, ஓட்டுக் கூரையின் கீழ் விறாந்தையிலே கடற்காற்று வீச அமர்ந்து, 'நல்ல குளிர்ச்சியா இருக்கு' என்று சொன்னாளாயின், ஆய்வாளர் அவளை அதிருப்தியுற்றோர் வரிசையிற் சேர்த்துவிடுவர்! அவள் புகழ்ந்த வீடு, கணக்கிலே பழுதுள்ள வீடாகும்.

சூட்டுப் பக்கத்திலும் இதே கதைதான். அவ்வூரார் அறிந்த வெம்மை ஒன்றன்று. காற்று அசையாது ஈரம் நிறைந்த இரவிலே உடல் வியர்த்து ஒட்டுவது புழுக்கம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும்பொழுது தோலும் உதடும் உலர்ந்து எரிவது வேறு. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் தலைமேல் இறங்குவது மற்றொன்று. இவற்றுட் கச்சானைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்டு, கிழக்கே கீழிறங்கும்பொழுது அமுக்கத்தினால் வெப்பமடைகின்றது. மட்டக்களப்புக் கரையிலே அது கடற்காற்றையும் வென்று, வெப்பநிலையை ஏறத்தாழ 38 பாகை செல்சியசுவரை உயர்த்தும். வளிமண்டலவியலின் ஆங்கில அகராதிகள் இக்காற்றைக் 'கச்சான்' என்ற நம் பெயராலேயே குறிக்கின்றன. வானிலையாளர் ஊராரின் சொல்லைக் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். கட்டடவியலாரோ புழுக்கத்தையும் கச்சான் எரிவையும் 'சூடு' என்னும் ஒரே படியில் அடைத்துவிடுகின்றனர். புழுக்கத்துக்கு மருந்து காற்றோட்டம். கச்சானுக்கு மருந்து கதவை அடைத்துத் தடித்த சுவரின் நிழலில் இருத்தல். சொல்லைக் கலந்தவர் பரிகாரத்தையும் கலந்துவிடுகின்றார்.

அம்முறையின் மற்றை அலகுகளும் இத்தகையனவே. ஆடையின் வெப்பத்தடையை அளக்கும் 'குளோ' என்னும் அலகு 1941இல் வகுக்கப்பட்டது: 21 பாகை அறையிலே ஓய்ந்திருப்பவனைச் சுகமாய் வைத்திருக்கும் உடை ஒரு குளோ, அது மேனாட்டு ஆடவனின் கோட்டும் காற்சட்டையும் தரும் காப்புக்குச் சமமென்பர். சாரமுடுத்து வெறும் மேனியோடு தறிமிதிப்பவனுக்கும், முக்காடிட்டு அடுப்பருகே நிற்கும் அவன் மனைவிக்கும் அவ்வட்டவணையில் இடம் எங்கே?

இங்ஙனம் நாம் கூறுவது புதிதன்று. 1991இல் டி டியரும் அவர்தம் குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்த்திய ஆய்விலே, இயற்கைக் காற்றோட்டமுள்ள மாடிவீடுகளில் வாழ்வோர் 28.5 பாகையையும், குளிரூட்டிய அலுவலகத்திலிருப்போர் 24.2 பாகையையும் நடுநிலையெனக் கொண்டமை வெளிப்பட்டது. பின்னர், நான்கு கண்டங்களிலே 160 கட்டடங்களிற் சேர்த்த ஏறத்தாழ 21,000 பதிவுகளைக் கொண்டு, வெளிவெப்பத்தோடு மனிதரின் சுகமும் நகர்கின்றதென டி டியரும் பிறேகரும் நிறுவினர். 2004இல் அமெரிக்க நியமமும் அதனை ஏற்றது. ஆயின் பாங்கரும் தொவ்தமும் 2002இல் கூறிய சமாதானம் நம்மைச் சிறிது புண்படுத்துவது. வெப்பநாட்டிற் குளிரூட்டியின்றி வாழ்வோரின் எதிர்பார்ப்புக் குறைவு என்று கொண்டு, தம் சமன்பாட்டின் விடையை ஒன்றிலும் குறைந்த ஓர் எண்ணாற் பெருக்கிக் கொள்ளச் சொன்னார்கள். முற்றத்தையும் வேம்பின் நிழலையும் சாளரத்தின் திசையையும் அறிந்து வாழ்பவனுக்கு எதிர்பார்ப்பு இல்லையென்பதா? அவன் வேறொன்றை எதிர்பார்க்கின்றான் என்பதே பொருத்தம். நான்கு பாகை வேறுபாடு நூலிற் சிறிது. மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தும் நெசவாளியின் வீட்டில் அது சிறிதன்று.

கல்வித்துறைக்கு வருவோம். தொடக்க வகுப்புப் பிள்ளையின் வாசிப்பாற்றலை ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசித்தது என்பதாற் கணிப்பது இன்று உலகில் வழங்கும் வழக்கம். நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள்வரை வாசித்தாலே பொருள் விளங்குமென்று ஒரு வரம்பையும் சிலர் கூறுகின்றனர். 'போகவேண்டியிருந்தது' என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல். இந்த எளிய உண்மையை எண்ணாது இரு மொழிப் பிள்ளைகளையும் ஒரே வரம்பால் ஒப்பிட்டால் தமிழ்ப்பிள்ளை மந்தமெனத் தோன்றும். அச்சோதனையை வகுத்தோரே மொழிக்கு மொழி ஒப்பிடலாகாதென எச்சரித்துள்ளனர். எச்சரிக்கையோ வழியில் உதிர்ந்துவிடுகின்றது, எண் மாத்திரம் ஊர்வந்து சேர்கின்றது.

இதனினும் ஆழமான ஒன்றுண்டு. வேகமாய் வாசிப்பவன் விளங்கியே வாசிக்கின்றான் என்பது அச்சோதனையின் அடிக்கொள்கை. மருதமுனைப் பிள்ளை குர்ஆன் பள்ளியிலே, வலமிருந்து இடமாய் எழுதிய அரபை, சொற்பொருளறியுமுன்னரே இழையறாது ஓதப் பழகுகின்றது. நம் பிள்ளைகளும் திருமுறைகளைப் பொருளறியுமுன் ஓதுகின்றனர். அதனாலன்றோ தமிழ் ஓதுதல், வாசித்தல், படித்தல், கற்றல் என்று வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றது! ஓதும் பழக்கமுடைய சமூகத்திலே வாய்வேகம் விளக்கத்துக்குச் சான்றாகாது. வீட்டிற் பேசும் தமிழுக்கும் பாடநூலின் தமிழுக்கும் உள்ள தூரத்தையும் இதனோடு சேர்த்தெண்ணுக. 'வாப்பா கடலுக்குப் போன' என்று பேசும் பிள்ளைக்குத் 'தந்தை கடலுக்குச் சென்றார்' என்பது பாதி வேற்றுமொழியே. கல்முனைக்குடியிற் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இன்றைய எழுத்துத்தமிழின் அமைப்பை விவரித்துத் தந்தது. அத்தகைய மொழியியல் அறிவு வாசிப்புச் சோதனையை வகுப்போரிடம் சென்றடைதல் வேண்டும்.

மருத்துவத்திலே சொற்பிழை உயிர்ப்பிழையாகலாம். ஈழத்தமிழிலே 'யோசனை' என்பது சிந்தனையை மாத்திரம் குறிப்பதன்று. கவலையை, இரவெல்லாம் உறங்கவிடாத துயரைக் குறிக்கும். 'எந்நேரமும் யோசனைதான் டொக்டர்' என்னும் பெண்ணின் விடையைப் பிறநாட்டார் எண்ணம் மிகுதலென்று குறித்துக்கொள்ளலாம். மனச்சோர்வென்று ஊகிக்க அவர்க்கு வழியில்லை. அவள் 'நெஞ்சு பதைக்குது' என்றும் சொல்வாள். அது இருதய நோயாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றாலோ, 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதே மருதமுனையில் முதல் விடை. இன்பத்திலும் துன்பத்திலும் இறைவனைப் புகழ்வது அவர்தம் மரபு. அதனை 'நலம்' என்னும் கட்டத்திலே அடையாளமிடுதல் பேதைமை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் தந்த உளத்தாக்கம் பற்றி 1998இல் நூலொன்று வெளியிட்டார். துயரம் உடலின் நோவாய்ப் பேசுவதை அவர் போன்றோரே நமக்கு எடுத்துக்காட்டினர். ஆழிப்பேரலையின்பின் காயத்திறி பெர்னாண்டோ செய்த முயற்சியும் குறிப்பிடத்தக்கது. ஆயத்தமான பட்டியலைக் கொண்டுவராது, இலங்கை மக்கள் தம் துன்பத்தைத் தம் சொல்லாற் கூறிய கதைகளினின்றே வினாக்களை அமைத்து, அந்த அளவுகோலை அவர் 2008இல் வெளியிட்டார். இதுவன்றோ முறை! காலம் அதிகம் வேண்டும். பட்டத்துக்கு விரைபவர்க்கு அது ஒவ்வாது.

இவ்வழியிலே நம் நாட்டுக்கு முன்னோடியும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே 1860களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அவர் சொற்களுட் பல இன்று வழக்கிழந்தன; எனினும் நோயாளியின் மொழியறியாது நோயறிதல் கூடாதென்பது அவர் கண்ட உண்மை. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் நாம் பெருமைப்படும் செய்தியே. ஆயின் ஒரு வேறுபாட்டைக் காணல் வேண்டும். கலைச்சொல் அறிஞர் பேசுதற்குரியது. வினாக்கொத்து மக்கள் விடையளித்தற்குரியது. 'மனவழுத்தம்' என்று அச்சிட்டு நீட்டுபவர் தமிழிற் கேட்டார் என்பது மெய். கடற்கரையிலே வலை பழுதுபார்ப்பவனுக்கு அது ஆங்கிலத்தினும் எளிதன்று. தமிழாக்கம் வேறு, தமிழ் வேறு.

மொழிபெயர்த்த வினாவை மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தோம் என்று ஆய்வாளர் விடையிறுப்பர். பிறிஸ்லின் 1970இல் விளக்கிய அம்முறை பிழைகளைக் களையவல்லது, ஐயமில்லை. ஆயினும் 'குளிர்ச்சி' ஆங்கிலத்துக்குத் திரும்பும்பொழுது புறப்பட்ட சொல்லாகவே திரும்பும். இருமொழி கற்றார் இருவர் தம்முள் உடன்பட்டார் என்பதற்கு மேல் அது எதனையும் நிறுவாது. கிழவியை எவரும் கேட்டிலர்.

நாம் படித்த ஆய்வேடுகள் பலவற்றிலே ஒரு வியப்பைக் கண்டோம். பின்னிணைப்பிலே ஆங்கில வினாக்கொத்து முழுமையாய் அச்சேறியிருக்கும். மக்களிடம் உண்மையிற் கேட்கப்பட்ட தமிழ் வடிவம் இராது. சோதனை செய்த கருவியைக் காட்டாது அதன் பிரதியைக் காட்டுவது ஒக்கும் இது. பௌதிகவியலார் இதனைப் பொறுப்பரோ? தமிழ் பேசுவோரிடம் செய்த எவ்வாய்வும், கேட்ட சொற்களைக் கேட்டவாறே தமிழ் எழுத்தில் இணைத்தாலன்றிப் பட்டத்துக்கு ஏற்கப்படாதென நம் பல்கலைக்கழகங்கள் விதித்தல் வேண்டும். விடைகளிற் சிலவற்றையும் விடையளித்தார் சொன்ன வடிவிலேயே சேர்த்தல் நன்று. 'யோசனை' என்று அவள் சொன்னதை ஆய்வாளர் எவ்வாறு எழுதிக்கொண்டார் என்பதை அப்பொழுது மற்றையோரும் பார்க்கலாம்.